மாட்டின் தொண்டையில் மாங்கொட்டை

எங்கள் வீட்டில் யாரையும் நாய் கடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததைக் கேட்கிற எல்லோரும் நாய் யாரைக் கடித்தது என்றுதான் தொடங்குகிறார்கள். பஞ்சாயத்தில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிகிறவள்கூடக் கண்ணைத் திறந்து கேட்டாள். நாய் கடித்தது எங்கள் மாட்டை.

நாங்கள் ஆந்திராவில் விஜயபுரம் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். நான் ஸ்ரீ சிட்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் கொஞ்சம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். ஒரே மகள், திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படிக்கிறாள். அந்த மாடு அவள் வளர்த்தது. அவள் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கும்போது தாய்ப்பசு கன்று போட்ட கையோடு செத்துப்போய்விட்டது. பீர் பாட்டிலில் ரப்பர் மாட்டி, வேறு வீட்டுப் பாலை வாங்கி ஊற்றி, அந்தக் கன்றை அவள்தான் பிழைக்க வைத்தாள். பாடப் புத்தகத்தைத் தொழுவத்தில் வைத்துத்தான் படிப்பாள். புத்தகத்தில் பாதி சாணி வாசனை.

உகாதி முடிந்த வாரத்தில், ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டின் மேலுதட்டை ஒரு நாய் கவ்விவிட்டது. மாந்தோப்பில் சுற்றும் செவலை நாய். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் தினமும் அதற்குச் சோறு போடுவார், காவலுக்கு ஆகும் என்று. அன்றைக்கு அது வழியில் நின்ற எருமையைத் துரத்தி, மின்கம்பத்தைக் கடித்து, கடைசியில் எங்கள் மாட்டின் மேல் பாய்ந்ததாக மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். மின்கம்பத்தை ஒரு நாய் ஏன் கடிக்கிறது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் உதட்டில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். நாலு நாளில் ஆறிவிட்டது.

எனக்குத்தான் ஆறவில்லை. நேரே தோப்புக்குப் போனேன். குத்தகைக்காரர், அது என் நாயே இல்லை, ஊர் நாய் என்று கையை விரித்தார். சோறு போடும்போது எல்லோருக்கும் சொந்த நாய், கடித்துவிட்டால் அனாதை நாய். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் அந்த நாயை அடித்துப் போடுங்கள் என்றேன். செக்ரட்டரி சின்ன வயசுக்காரர், தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார்: தெருநாயைக் கொல்லக் கூடாது, வேறு ஊரில் கொண்டுபோய் விடவும் கூடாது, பிடித்து ஆபரேஷன் செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விட வேண்டும், அதுதான் சட்டம். பிடிக்கிற வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். மேலே எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார். போலீசில் கேட்டால், நாய்க்குச் சொந்தக்காரன் என்று ஒருத்தன் இருந்தால் அவன் மேல் கேஸ் எழுதலாம், யார் சொந்தக்காரன் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நாய்க்கு இருக்கிற சட்டம் மாட்டுக்கு இல்லையா என்று கத்திவிட்டு வந்தேன். என் வாய் ஊரறிந்தது. அதற்குள் நாயும் கண்ணில் படவில்லை. கால்வாய்ப் பக்கம் செத்துக் கிடந்தது என்று யாரோ சொன்னார்கள். சனியன் விட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

மாங்காய் சீசன் வந்தது. என் தம்பி புத்தலப்பட்டு பக்கம் டெம்போ ஓட்டுகிறான். அங்கே மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்து கிடக்கும். வருகிற வழியில் ஒரு நடை எங்களுக்கும் இறக்கிவிட்டுப் போவான். மாடுகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு. ஒவ்வொரு சீசனிலும் ஊரில் ஏதாவது ஒரு மாட்டின் தொண்டையில் கொட்டை மாட்டிக்கொள்ளும். வாயில் எச்சில் ஒழுகும், தீனியைத் தொடாது, தண்ணீர் காட்டினால் மூக்கு வழியாக வரும். யாராவது நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக் கொட்டையை எடுத்துப் போடுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று பக்கத்து ஊரிலிருந்துகூட வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஓவர்டைம். மகள் துணிமணி எடுத்துப்போக சனிக்கிழமையே வந்திருந்தாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்குப் பரீட்சை. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் திருப்பதி பஸ் ஏறிப் போய்விட்டிருந்தாள். மாடு தொழுவத்தில் வாயைப் பிளந்து நின்றது. எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. கத்தினால் குரல் உடைந்து, கட்டைக் குரலாக வந்தது.

“கொட்ட மாட்டிக்கிச்சு. கைய வுட்டுப் பார்த்துட்டேன், ஆப்டல” என்றார் வீட்டுக்காரர். வலது கையில் முழங்கைக்குக் கீழே கடைவாய்ப் பல் கிழித்த கோடுகள். விரல்களில் ஏற்கெனவே கடலைக் கொல்லையில் வந்த வெடிப்புகள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நானும் சாம்பார் ஊற்றினேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாதபோது பயம் எங்கிருந்து வரும்?

திங்கட்கிழமை மாடு கொம்பால் சுவரை இடிக்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தோம். வழக்கமாக வந்ததும் மாட்டின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்குத் தொழுவத்து வாசலிலேயே நின்றுவிட்டார். மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதை எப்போதாவது நாய் கடித்ததா என்று கேட்டார். உகாதிக்குப் பிறகு என்று சொன்னேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

“நோட்லோ செய்யி எவரு பெட்டாரு?”

வாய்க்குள் யார் கையை விட்டது என்று. வீட்டுக்காரர், நேனே சார் என்று சட்டென்று முன்னால் வந்தார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. டாக்டர் அவர் கையைத் தொடாமலே குனிந்து பார்த்தார். கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, இது வெறி, நாயிடமிருந்து மாட்டுக்கு வந்த வெறி என்றார். விழுங்க முடியாததால் எச்சில் ஒழுகுகிறது. அந்த எச்சிலில்தான் விஷம். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், உள்ளே போய்விடும். இப்போதே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு, இன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள் என்றார்.

நான் அங்கேயே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரரோ சிரித்தார். நாய் என்னைக் கடிக்கவே இல்லையே, மாடு கடித்ததற்கு நாய் ஊசியா, ஊர் சிரிக்கும் என்றார். நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம், இந்த மனிதரை நிமிர்த்த முடியாது.

இதற்குள் செய்தி தெருவில் பரவிவிட்டது. எங்கள் மாட்டுப் பாலில் காபி குடித்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காய்ச்சின பாலால் ஒன்றும் ஆகாது என்று அங்கே சொல்லித் திருப்பி அனுப்பியும் சிலர் நம்பாமல் ஊசி கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். காபி குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில், கையை விட்ட மனிதர் கயிற்றுக் கட்டிலில். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

புதன்கிழமை விடியும்போது மாடு செத்தது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அன்றைக்குச் சாயங்காலம் மகள் போன் செய்தாள், பரீட்சை நன்றாக எழுதினேன் என்று. மாடு எப்படி என்று கேட்டாள்.  சனிக்கிழமைவரை பரீட்சை இருந்தது. பரீட்சை நேரத்தில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். சொந்தப் பாட்டன் செத்தாலே ஹாலை விட்டு வந்த பிறகுதான் சொல்வார்கள். பரவாயில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். நீ வராவிட்டால் நான் போய்க் கிணற்றில் விழுவேன் என்று கத்தி, அவரை மண்டல ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா பேனாவை எடுத்து, “குக்க எக்கட கரிச்சிந்தி?” என்று கேட்டார், நாய் எங்கே கடித்தது என்று.

“குக்க காதம்மா, ஆவு” என்றார் இவர், நாய் இல்லை, மாடு என்று. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். உள்ளே இருந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் ஊசியைப் போட்டுவிட்டு, கிழிந்த காயத்துக்குள்ளேயே போடுகிற மருந்து ஒன்று இருக்கிறது, அது இங்கே இல்லை, திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். வழி முழுவதும் நான் போனில் படித்துக்கொண்டு வந்தேன். வெறி என்று சந்தேகம் வருகிற நாயைப் பிடித்துத் தனியாக அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் அதே நாய்ச் சட்டத்தில் இருக்கிறதாம். மின்கம்பத்தைக் கடித்த நாயைப் பற்றி ஊரில் யாரும் போய் இப்படி ஒரு நாய் என்று சொல்லவில்லை. நான் கேட்டது கொல்லச் சொல்லித்தான். இன்னொன்றும் படித்தேன். அறிகுறி வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் பிழைக்கலாம், வந்த பிறகு கையெடுத்துக் கும்பிடுவதைத் தவிர வைத்தியம் இல்லை. அறிகுறி வர வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஊசி குத்திக் குத்தி மருந்தை ஏற்றினார்கள். அப்போதும் அவர் நர்ஸிடம் தெலுங்கில் வேடிக்கை பேசிக்கொண்டுதான் இருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் காரிடாரில் உட்காரச் சொன்னார்கள். காரிடாரின் கடைசியில் ஒரு தனி அறை. அதற்கு வெளியே தரையில் என் வயதுப் பெண் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ உள்ளே போகக் கதவைத் திறந்தார்கள்.

கட்டிலில் ஒரு ஆள். திடமான ஆள், மூட்டை தூக்குகிற தோள். கையில் தண்ணீர் டம்ளர். அவனுக்குத் தாகம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனான். தண்ணீர் உதட்டைத் தொடுவதற்கு முன்பே கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, உடம்பு பின்னால் தூக்கிப் போட்டது. டம்ளர் உருண்டது. பயத்தில் அவன் எங்களைப் பார்த்தான். புத்தி தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. கதவு மூடிக்கொண்டது. 

அந்தப் பெண்ணிடம் எந்த நாய் கடித்தது என்று, என்னையே எல்லோரும் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன். கடிக்கவே இல்லை அக்கா, வீட்டில் வளர்த்த நாய்க்குட்டியின் நகம் கீறியது, சின்னக் கோடு, சுண்ணாம்பு தடவினோம் என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நர்ஸைக் கூப்பிடத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.  

“பாப்பாவும் கைய வுட்டா.”

எனக்கு விளங்கவில்லை. எந்தப் பாப்பா என்று கேட்டேன்.

“நம்ம பாப்பா. ஞாயித்துக்கெழம. என் கை பெருசு, தொண்டைக்குள்ள போவல. அவ கை மெல்லிசு. நாந்தான் வுடச் சொன்னேன். ஒன்கிட்ட சொன்னா நீ கத்துவேன்னு சொல்லல.”

நான் கத்தவில்லை.   ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு நாளாக என் முன்னால் வந்து நின்றது. அவள் கையில் கீறல் இருந்ததா என்று கேட்டேன். விரல் கணுவில் கொஞ்சம் தோல் போயிருந்தது, கழுவிக்கொண்டாள் என்றார். சோப்பு போட்டாளா என்றேன். தெரியாது என்றார். டாக்டர் வந்து கேட்டாரே, அன்றைக்காவது ஏன் சொல்லவில்லை என்றேன். இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்று நினைத்தாராம். தன் விஷயத்திலேயே நம்பாதவர், அவள் விஷயத்தில் எப்படி நம்புவார்?

ஹாஸ்டலுக்கு ஆட்டோவில் போனோம். எத்தனை சிக்னல், எந்த ரோடு, ஒன்றும் நினைவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப், பரீட்சை ஹாலில் இருந்திருக்கிறாள். கேட்டில் நின்ற வார்டனம்மா, விசிட்டர் நேரம் இல்லை என்று தொடங்கினார்கள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை.

அவள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாள். தோளில் பை, கையில் பரீட்சை அட்டை. எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். வலது கை நடுவிரல் கணுவில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதிலிருந்து என் கண் நகரவில்லை.

“இன்னா நைனா, ரெண்டு பேரும் வந்துக்கினு? மாடு எப்டி கீது?” என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். மாடு செத்துவிட்டது என்று சொன்னேன், எதனால் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. தன் கையை மெதுவாகத் தூக்கி, யாருடைய கையோ என்பது மாதிரிப் பார்த்தாள். பிறகு பையை வார்டனம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

விரல் கணுவில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே இடமே இல்லை. அந்த இடத்தில் ஊசியை ஏற்றினார்கள். அவள் கத்தினது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் வெளியே ஓடிப்போய் வேப்ப மரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதார். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் நான் அதுவரை பார்க்காத அழுகை. டாக்டர் என்னிடம், தாமதம்தான், ஆனாலும் அறிகுறி வருவதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள், ஒரு ஊசியையும் விடாமல் போட்டு முடியுங்கள் என்றார். இருவருக்கும் ஒன்றுகூட விடாமல் போட்டு முடித்தோம். சீசன் போய், தீபாவளி போய், சங்கராந்தியும் போனது. இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான்தான், அவளுக்குத் தலைவலி என்று கேட்டால் இன்றைக்கும் தண்ணீர் இறங்குகிறதா என்று முதலில் கேட்கிறேன்.

அன்றைக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, புதன்கிழமை போன் செய்தபோது மாடு நல்லா இருக்கிறது என்று ஏன் சொன்னாய் என்று என்னைக் கேட்டாள். பரீட்சையாச்சேம்மா, மனசு கெட்டுப்போகுமே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பரீட்சை போனா மறுபடியும் சப்ளி எழுதிக்கலாம்மா” என்றாள்.